சாரல் ஊரில் ஆட்டோ டார்க் ஹெல்மெட்: உழைக்க உழைக்கத் தெரிபவை

செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி புனலூர், கொட்டாரக்கரை என்று ட்ரஸ் (இரும்புக் கூரைச் சட்டம்) வெல்டிங் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கையில் பிடிக்கும் கைஷீல்டு சரிப்படாது; வெல்டிங் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி தானாக இருளும் ஆட்டோ டார்க் ஹெல்மெட்தான் வேண்டும். மொட்டை மாடியில் ஒரு கை பைப்பைப் பிடிக்கும், மறு கையில் வெல்டிங் ராடு மாட்டிய ஹோல்டர். ஷீல்டைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? அதனால் கண்ணை இறுக்கிக்கொண்டு டேக் (சிறு ஒட்டு) அடிப்பார்கள். கண் கெடுவது பெரும்பாலும் இங்கேதான், நீளமாக ஓட்டும் வெல்டில் அல்ல. இமை மூடுவதற்குள் முதல் வெளிச்சம் உள்ளே போய்விடும். ஒரு டேக் ஒரு நொடிதான். ஆனால் ஒரு கூரைக்கு எத்தனை டேக்! புற ஊதாக் கதிர் பட்டது அத்தனையும் சேர்ந்துகொண்டே போகும். சாயங்காலம் ஒன்றும் தெரியாது. நடுச்சாமத்தில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு வைத்தியமெல்லாம் வேண்டாம். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தைத் தானே வாங்கி விட்டுக்கொள்வது அதைவிட மோசம், புண் ஆறுவதைக் கெடுக்கும். கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஹெல்மெட் வாங்கும்போது எல்லாரும் கேட்பது எவ்வளவு வேகமாக இருளும் என்பது. 25,000-இல் ஒரு பங்கு நொடி என்று பெட்டியில் போட்டிருப்பான். அது கண் கூசாமல் இருக்கத்தான். புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுப்பது கண்ணாடியில் நிலையாக இருக்கும் பூச்சு. தரமான ஃபில்டரில் (அந்த இருளும் கண்ணாடியில்) பேட்டரி செத்தாலும் அந்தத் தடுப்பு இருக்கும். தரமில்லாததில் அது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. ஆகவே, கண்ணாடி ஓரத்தில் இஎன் 379 என்ற ஐரோப்பியத் தரக் குறியும் 1/1/1/2 போன்ற நான்கு எண்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசி எண் கோணத்துக்கானது. அது 3 என்றால் தலையைச் சாய்க்கும்போது ஒரு பக்கம் வெளிறித் தெரியும்.

ஷேடு (கண்ணாடி எவ்வளவு இருள வேண்டும் என்ற எண்) விஷயத்தில் 12 நம்பர் ராடுக்கும் (2.5 மி.மீ.) 10 நம்பர் ராடுக்கும் (3.15 மி.மீ.), அதாவது 70 முதல் 130 ஆம்பியர் வரை, ஷேடு 10-இல் தொடங்கலாம். கூசினால் 11. 160-ஐத் தாண்டினால் 12. இரும்பு உருகும் குட்டை தெளிவாகத் தெரியாத அளவுக்கு இருட்டாக வைத்தால் கழுத்து தானாக முன்னால் போகும், புகையும் மூக்கில் ஏறும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பில் அது துத்தநாகப் புகை. ஹெல்மெட் அதைத் தடுக்காது. கேஸ் கட்டிங்குக்கு 5 நம்பர் காகிள்ஸ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தை உணரும் சென்சார் நான்கு இருப்பதையே வாங்குங்கள். ட்ரஸ் மூலையில் குறுக்கே ஒரு பைப் வந்து, இரண்டே சென்சார் உள்ளதில் இரண்டும் மறைந்தால் கண்ணாடி இருளாது. வெல்டிங் நடுவிலேயே வெளிச்சம் அடிக்கும். வெளியே வேலை என்றால் எதிர்த் தொல்லை: வெயில் பட்டே இருண்டுவிடும். சென்சிடிவிட்டியைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகும். முதுகுப் பக்கம் வெயில் இருந்தால் கண்ணாடியின் உள்புறத்தில் நம் முகமே தெரியும். தோர்த்தை (துண்டை) ஹெல்மெட்டின் பின்னால் தொங்கவிடுவதைவிட நல்ல வழி கிடையாது.

கிரைண்டிங் மோடுதான் இதில் உள்ள பெரிய பொறி. அந்த மோடில் கண்ணாடி இருளவே இருளாது. கிரைண்ட் அடித்துவிட்டு மாற்ற மறந்தால் அடுத்த ஆர்க் வெளிச்சம் நேராகக் கண்ணுக்கு. பேசாமல் அதைத் தொடாமல் விட்டு, ஹெல்மெட்டுக்கு உள்ளே கண்ணில் எப்போதும் ஒரு நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். ஹெல்மெட்டைத் தூக்கிக் கசடு தட்டும்போது தெறிக்கும் துண்டுக்கும் அதுதான் காவல்.

ஃபில்டரைவிட அதற்கு முன்னால் மாட்டும் முன்தகடுதான் சீக்கிரம் போகும். பொறி பட்டுப் பட்டுப் புள்ளி விழும், மங்கும். மங்கியதும் ஷேடைக் குறைத்து ஓட்டுவார்கள். அது தப்பு, தகட்டைத்தான் மாற்ற வேண்டும். 110 × 90 மி.மீ. அளவு பொதுவாகக் கிடைக்கும். உங்கள் ஹெல்மெட்டுக்கு வேறு அளவு என்றால் வாங்கும்போதே பத்து தகடு சேர்த்து வாங்குங்கள். தின்னரால் துடைத்தால் தகட்டில் நுண்விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீர் போதும்.

சாரல் மாதங்களில் மூச்சுக்காற்றே பனிபோல் படியும். வேலை முடிந்ததும் ஈரத்தோடு பையில் திணிக்காதீர்கள். நெற்றிப்பட்டையைக் கழற்றிக் காயப் போடுங்கள், இல்லையென்றால் நாற்றமும் அரிப்பும். பேட்டரி முனையில் பச்சை பிடிக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி மாற்ற வழியில்லாத மாடல் மலிவாகத் தோன்றும். அது செத்தால் முழுதையும் தூக்கிப்போட வேண்டும்.

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு உள்ளே செருகும் பூதக்கண்ணாடித் தகடு, 1.5 அல்லது 2 பவரில், பெரிய வித்தியாசம் தரும்.

காலையில் ஹெல்மெட்டை வெயிலுக்குத் திருப்பி, ஒரு சென்சாரை மட்டும் திறந்து மற்றவற்றை விரலால் மூடிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இருள வேண்டும். ஓரத்தில் மை கசிந்ததுபோல் கறை தெரிந்தாலோ, வெல்டிங் நடுவே கண்ணாடி மினுங்கினாலோ அன்றைக்கு பழைய கைஷீல்டையே எடுத்துக்கொண்டு போங்கள்.