நூலா, தகடா, கடை இயந்திரமா: வீட்டில் வீல் அலைன்மென்ட் பார்க்க எது நம்பகம்?

வீட்டிலேயே வீல் அலைன்மென்ட் பார்க்க மூன்று வழிகள் உண்டு. டேப்பை மட்டும் வைத்து அளக்கலாம், டோ தகடுகளைச் சாய்த்து அளக்கலாம், வண்டியின் இருபுறமும் நூல் கட்டி அளக்கலாம். என் ஓட்டு நூலுக்கு. மற்ற இரண்டுக்கும் தெரியாத ஒன்று நூலுக்குத் தெரியும்.

முதலில், எதை அளக்கிறோம்? மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் நெருங்கியோ விலகியோ நிற்பது டோ. முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் சாய்வு கேம்பர். ஸ்டீயரிங் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருப்பது காஸ்டர். இவற்றில் வீட்டில் திருத்தக்கூடியது பெரும்பாலும் முன்சக்கர டோ மட்டும்தான். மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த சஸ்பென்ஷன்) உள்ள பல கார்களில் கேம்பரைத் திருத்தத் தனி போல்ட் வாங்கிப் போட வேண்டியிருக்கும். ஆனால் டயரை வேகமாகத் தின்பதும் டோதான். டயர் பட்டன்களைக் குறுக்கே தடவிப் பாருங்கள்: ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் ரம்பம் போல விரலைப் பிடித்தால் டோவைச் சந்தேகிக்கலாம். ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்தால் கேம்பர் பக்கமும் பார்க்க வேண்டும்.

டேப் முறையில் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயரின் நடுவில் சாக்பீஸோ ஆணியோ வைத்து ஒரு கோடு இழுப்பார்கள். வண்டியை இறக்கியபின், சக்கர மைய உயரத்தில் இரு கோடுகளுக்கும் இடையிலான தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளந்து கழித்தால் மொத்த டோ கிடைக்கும். சுழற்றி இழுத்த கோடு என்பதால் ரிம் சற்றே கோணியிருந்தாலும் கணக்கு கெடாது. அது பெரிய நன்மை. சிக்கல் பின்பக்க அளவில். எஞ்சின் அடிப்பகுதி குறுக்கே வரும், டேப் தொய்யும், மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

தகடு இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. இரு தட்டையான தகடுகளை டயர்களின் பக்கவாட்டில் சாய்த்து, முன்னும் பின்னும் உள்ள வெட்டுகளில் டேப்களை மாட்டினால் சில நிமிடங்களில் அளவு கைக்கு வரும். டை ராடை, அதாவது ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியை, திருகித் திருகி மறுபடி பார்க்க இதைவிட வசதியானது இல்லை.

இந்த இரண்டும் சொல்வது மொத்த டோ மட்டுமே. வண்டி ஓடும்போது முன்சக்கரங்கள் இரண்டும் டோவைத் தமக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். அதனால் முன் டயர் தேய்மானத்துக்கு மொத்தக் கணக்கே போதும். ஆனால் பின் அச்சே ஒரு பக்கம் திரும்பியிருந்தால்? வண்டி நேராக ஓடும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், தகடோ எல்லாம் சரி என்று காட்டும்.

நூல் இங்கேதான் முந்துகிறது. இருபுறமும் ஸ்டாண்ட் வைத்து, சக்கர மைய உயரத்தில் நூலை இழுத்துக் கட்ட வேண்டும். முன் அச்சில் இடது, வலது சக்கர மையங்களிலிருந்து நூலுக்குள்ள தூரம் சமமாக இருக்க வேண்டும். பின் அச்சிலும் அப்படியே. முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் பல கார்களில் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம் முன்னால் ஒன்றாகவும் பின்னால் வேறாகவும் இருக்கும். ஒரு முனையை நகர்த்தினால் மறுமுனை கெடும். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இது. இதில் அவசரப்பட்டால் பிறகு வரும் எந்த எண்ணும் பயன்படாது.

கட்டியபின் ரிம்மின் முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டிலிருந்தும் நூலுக்குள்ள தூரத்தை எடுங்கள். முன்னால் அதிகம் என்றால் அந்தச் சக்கரம் உள்நோக்கி நிற்கிறது. 16 அங்குல ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 0.14 பாகை. வண்டியை அரைச் சுற்று உருட்டி, நூலை மறுபடி சரிபார்த்து, இன்னொரு முறை அளந்து சராசரி எடுத்தால் ரிம் கோணலும் அடிபட்டுப்போகும். நான்கு சக்கரங்களின் கதையும் தனித்தனியாகக் கையில் இருக்கும்.

எந்த முறையானாலும் முதலில் காற்றழுத்தம், பிறகு டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் ஆட்டம். ஆட்டம் இருக்கும் வண்டியில் அளப்பது வீண்வேலை. ஜாக்கில் தூக்கி இறக்கியதும் அளக்கவும் கூடாது. சில அடி உருட்டி, சஸ்பென்ஷன் உட்கார்ந்த பிறகே அளவு.

திருத்துவதற்கு லாக் நட்டைத் தளர்த்தி டை ராடைத் திருக வேண்டும். மரை இடைவெளி 1.5 மி.மீ. உள்ள டை ராடில் கால் சுற்றே ரிம் விளிம்பில் சுமார் 1 மி.மீ. மாற்றம் தரும். ஸ்டீயரிங் நேராக இருந்தால் இருபுறமும் ஒரே அளவு திருகுங்கள். ஸ்டீயரிங் ராக் (டை ராடுகளை இடமும் வலமும் தள்ளும் பற்சட்டம்) முன் அச்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் டை ராட் நீண்டால் சக்கரம் உள்நோக்கும், ராக் முன்னால் இருந்தால் நேரெதிர். குறிவைக்க வேண்டிய எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். வேறு வண்டியின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

கேம்பர் பார்க்க தூக்குக்குண்டும் ஸ்கேலும் போதும், டிஜிட்டல் கோணமானி இன்னும் எளிது. இங்கே எதிரி தரை. இடது, வலது சக்கர இடைவெளி 1,500 மி.மீ. உள்ள காரில் ஒரு பக்கம் 13 மி.மீ. தாழ்ந்திருந்தால் அரைப் பாகை பொய் சொல்லும். ட்யூப் லெவல் வைத்துத் தரையைச் சரிபார்க்காமல் கேம்பர் எண்ணை நம்ப வேண்டாம்.

கடை இயந்திரம் ரிம் கோணலைத் தானே கழித்துக்கொள்ளும், காஸ்டரும் சொல்லும், திருகும்போதே எண் திரையில் மாறும். காஸ்டருக்குச் சக்கரத்தின் அடியில் வைக்கும் சுழல்தட்டுகள் வேண்டும் என்பதால் அதை வீட்டில் முயல்வது எனக்கு உடன்பாடில்லை. பள்ளத்தில் பலமாக இறங்கிய வண்டியும் கடைக்கே போகட்டும். முன்கண்ணாடியில் கேமரா வைத்துப் பாதைக்கோட்டைப் பின்பற்றும் கார்களில், அலைன்மென்ட் மாறினால் ஸ்டீயரிங் கோண சென்சாரையும் கேமராவையும் மறுபடி அளவுதிருத்தச் சொல்லும் தயாரிப்பாளர்கள் பலர். அந்த வண்டிகளில் நூல் கட்டி அளந்து பாருங்கள், டை ராடில் மட்டும் ஸ்பேனர் வைக்காதீர்கள்.