டிஐ-84 பிளஸ் விசைகளுக்குக் கார்பன் பூச்சு: யாருக்குத் தேவை?

2007இல் சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய என் டிஐ-84 பிளஸ் வரைபடக் கால்குலேட்டரை, இவ்வாண்டு ஏ-நிலைத் தேர்வுக்கு எச்2 கணிதம் எடுத்திருக்கும் அண்ணன் மகளுக்குக் கொடுக்க எடுத்துப் பார்த்தேன். திரை தெளிவாகவே இருந்தது. ஆனால் என்டர், 2, 5 ஆகிய மூன்று விசைகளும் நகம் வலிக்க அழுத்தினால்தான் வேலை செய்தன. சிம் லிம் டவர் கட்டடத்தின் மின்னணு உதிரிபாகக் கடை ஒன்றில், தேய்ந்த விசைகளை மீண்டும் மின்கடத்தச் செய்யும், இரண்டு சிறு குப்பிகளாக விற்கப்படும் கார்பன் பூச்சை வாங்கினேன். பூச்சு நன்றாகவே வேலை செய்கிறது. ஆயினும் மூன்று விசைகளில் ஒன்றுக்கு மட்டுமே அது உண்மையில் தேவைப்பட்டது என்பதை, பணம் செலவழிக்கும் முன் மற்றவர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இக்கருவியில் விசைகளுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு இருக்கிறது; ஒவ்வொரு விசைக்கும் நேர்கீழே அதில் ஒரு கரிய வில்லை பதிந்திருக்கும். விசையை அழுத்தும்போது அந்த வில்லை மின்சுற்றுப் போர்டில் உள்ள இரு தடங்களைத் தொட்டு இணைக்கிறது. ஆண்டுக்கணக்கில் சேரும் தூசியும் விரல் பிசுக்கும் இடையில் படிந்தாலோ, வில்லையின் கார்பன் தேய்ந்துபோனாலோ இணைப்பு பலவீனமாகிறது. தனித்தனி விசைகள் மட்டும் பழுதானால் குற்றம் பெரும்பாலும் இங்கேதான். மாறாக, என்டர், கிளியர், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் ஒருசேரச் செயலிழந்தால், அவை ஒரே மின்தடக் குழுவைச் சேர்ந்தவை என்பதால், தடம் அறுந்திருக்கிறதா, பேட்டரி கசிந்து அரித்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதற்கு இந்தப் பூச்சு எவ்விதத்திலும் உதவாது.

நான்கு பேட்டரிகளையும் கழற்றி, நட்சத்திர முனைத் திருப்புளியால் பின்மூடியைத் திறந்து, போர்டைத் திரைக்கான இணைப்புப் பட்டை இழுபடாதவாறு மெதுவாகத் தூக்கினேன். தற்காலிக நினைவகமான ரேமில் இருப்பவை அழிந்துபோகக்கூடும் என்பதால், வேண்டிய நிரல்களை முன்கூட்டியே கருவியின் நிலையான நினைவகமான ஆர்க்கைவில் சேர்த்துவைப்பது நல்லது. ஐசோப்ரோபில் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் முதலில் வில்லைகளையும், பிறகு போர்டின் தடங்களையும் துடைத்தேன். தடங்களை அழுத்தித் தேய்த்தால் அவற்றின் மேல் அச்சிட்ட கார்பனே உரிந்துவிடலாம். அசிட்டோனை இந்த வேலைக்குத் தொடவே கூடாது, அது பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். துடைத்து உலர்த்தி மூடியதும் 2, 5 இரண்டும் மெல்லிய தொடுதலுக்கே பதில் தந்தன.

என்டர் மட்டும் மாறவில்லை. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதன் வில்லைமீது வைத்தபோது, நல்ல வில்லைகள் சில நூறு ஓம் காட்டிய இடத்தில் இது பல கிலோ ஓம் காட்டியது. பூச்சு வாங்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க இந்த ஒரு சோதனை போதும். குப்பிகளில் இருப்பவற்றைக் கலந்து, பல்குச்சியின் முனையால் வில்லைமீது மெல்லிய படலமாகப் பூசி, ஒரு முழு நாள் தொடாமல் விட்டேன். முதல்முறை படலம் தடித்துவிட்டதால் விசை அழுத்தாமலே தடத்தைத் தொட்டு, திரையில் என்டர் ஓயாமல் விழுந்தது. சுரண்டியெடுத்துவிட்டு மெல்லியதாகப் பூசிய பிறகே சரியானது. இப்போது அளவீடு மற்ற வில்லைகளோடு ஒத்துப்போகிறது. நான்கு மாதங்களாக அண்ணன் மகள் நாள்தோறும் பயன்படுத்தியும் படலம் உரியவில்லை.

பென்சில் கரியைத் தேய்த்தாலே போதும் என்பவர்கள் உண்டு. அதையும் முயன்றிருக்கிறேன், சில நாளில் உதிர்ந்து பொடியாகப் போர்டில் பரவுகிறது. அலுமினியத் தாளை வெட்டி ஒட்டும் முறை நீடித்தாலும், அதன் விளிம்பு தடத்தைக் கீறும் என்று அஞ்சுவதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தப் பூச்சில் எனக்குள்ள ஒரே குறை, கலந்ததை எடுத்துவைக்க முடியாது என்பதுதான். ஒரு வில்லைக்குக் கடுகளவு போதும்; மீதி இறுகிவிடும். ஆகவே, வீட்டில் பழுதான டிவி ரிமோட் இருந்தால், அதையும் பிரித்துத் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகே குப்பிகளைத் திறக்கவும்.