கூழாங்கல்லா, களிமண்ணா, புளியங்கொட்டையா?

வேலைக்கு நடுவே மூன்று நிமிடம் கண்ணை மூடி, கையில் இருக்கும் பொருளிலேயே கவனத்தை வைக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. மூன்றுக்குமே பெரிய செலவு கிடையாது. அதனால் விலைப் பேச்சை விட்டுவிடலாம். என் ஓட்டு கூழாங்கல்லுக்கு. காரணம், அது கைக்குள் சூடேறும்.

அசையாமல் தோலில் படிந்திருக்கும் எதையும் உடம்பு சீக்கிரம் மறந்துவிடும். விரலில் மோதிரம் இருப்பது நாள் முழுக்கவா தெரிகிறது? ஆனால் கருங்கல் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், மரத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல். எடுத்தவுடன் சில்லென்று இருந்து, மெல்ல மெல்லக் கதகதப்பாகிறது. அந்த மாற்றத்தைத் தொடர்வதே மனதுக்குப் போதுமான வேலை.

ஏறக்குறைய 5 செ.மீ. நீளம், 60-70 கிராம் எடை உள்ள கல்லாகப் பாருங்கள். கடையில் பளபளவென்று மெருகேற்றி விற்பது வேண்டாம்; விரல் வழுக்கிக்கொண்டே போகும். ஒரு பக்கமாவது சொரசொரப்போ, ஒரு கோடோ இருக்கட்டும். முதல் நிமிடம் இடது உள்ளங்கையில் வைத்து மூடி, குளிர்ச்சியை மட்டும் கவனியுங்கள். அடுத்து, கட்டைவிரலால் விளிம்பை மெதுவாக ஒரு சுற்று. கடைசியில் கையைத் திறந்து எடையை மட்டும். சித்திரை வெயிலில் மேசைமேல் கிடக்கும் கல்லுக்கும் உள்ளங்கைக்கும் சூட்டில் வித்தியாசமே தெரியாது. அப்போது பானைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டுத் துடைத்து எடுங்கள். பராமரிப்பு என்றால் இது ஒன்றுதான்.

களிமண் கைக்கு இன்னும் சுகம், அதை மறுக்க முடியாது. சும்மா இருக்கத் தெரியாத விரல்களுக்குக் கல்லைவிட இதுவே பொருந்தும். எலுமிச்சை அளவு உருண்டை போதும். ஆனால் ஈரத்துணி சுற்றி மூடிய டப்பாவில் வைக்காவிட்டால் மறுநாளே வெடித்துவிடும். வைத்தால் சில நாளில் பூஞ்சை வாடை. தண்ணீர் கூடினால் கையில் அப்பிக்கொள்ளும். மூன்று நிமிடப் பயிற்சிக்கு ஐந்து நிமிடம் நகக்கண் கழுவ வேண்டியிருக்கும். அரை மணி நேரம் உட்காருபவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம்.

புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகக் கிண்ணம் மாற்றும்போது மனம் எண்ணிக்கைக்குத் தாவிவிடுகிறது, தொடுகை பின்னால் போய்விடுகிறது. வண்டு வேறு துளைக்கும். அவ்வப்போது வெயிலில் காயப்போட வேண்டும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணிக்கு மட்டும் மாறாதீர்கள். உடைந்த விதை உள்ளே போனால் கடும் விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் அது இருக்கவே கூடாது.