வரிச் சலுகையா, வரிப் பணத்தில் படகுத்துறையா: எது வேலை தரும்?

பணக்காரர்கள்மேல் வரியைக் குறைத்தால் வேலை பெருகும் என்பது ஒரு கட்சி. அவர்களிடம் வாங்கி அரசு செலவழித்தால்தான் பெருகும் என்பது இன்னொரு கட்சி. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் மீன் வாங்கி ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் சின்னத் தொழில் எனக்கு. ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் என் பொறுப்பு. நான் இரண்டாவது கட்சி.

முதல் கட்சியின் வாதம் தெரிந்ததுதான்: மிஞ்சும் பணம் முதலீடாகும், முதலீடு வேலையாகும். 2019 செப்டம்பரில், மற்ற சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு அடிப்படை வரி 22 சதவீதமாக இறங்கியது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அடுத்த வருஷமே கொரோனா வந்துவிட்டதால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

என்னைச் சாய்த்தது கூலிக் கணக்கு. வருமான வரி லாபத்துக்குத்தான். கூலி அதற்கு முன்பே செலவில் கழிந்துவிடும். கணவாய் மீன் தரம் பிரிக்க ஓர் அக்காவுக்கு நாளைக்கு 500 ரூபாய் கொடுக்கிறேன், அவர் வேலையால் எனக்கு 700 வருகிறது என்று வையுங்கள். மீதி 200. வரி 30 சதவீதம் என்றால் 140 நிற்கும், 40 என்றால் 120. எப்படியும் அவரை வைத்துக்கொள்வேன். 20 ரூபாய் போகிறதே என்று 120-ஐ யாரும் விடமாட்டார்கள். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் 61 நாளும், வரியே இல்லை என்றாலும் அவருக்குக் கொடுக்க என்னிடம் வேலை கிடையாது. கரைக்கு வரும் சரக்கு, அதை வாங்க ஆள், கெடாமல் வைக்க ஐஸ்: இவைதான் ஆள் எடுக்க வைக்கின்றன.

புதிதாக ஆலை போடுகிறவர் கணக்கு வேறு. போட்ட முதல் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று பார்க்கும்போது வரி கனக்கத்தான் செய்யும். அந்த அளவில் நான் தொழில் செய்ததில்லை. ஆனால் எங்கள் பக்கம் பணம் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் மனை வாங்கிப் போடுகிறார்கள். கல் ஊன்றி, கம்பி வேலி போட்டதோடு அங்கே கூலி வேலை முடிந்தது. அப்புறம் சீமைக்கருவேல்தான் மண்டுகிறது.

எங்கள் மாவட்டத்து மூக்கையூர் மீன்பிடித் துறைமுகம் அரசுப் பணத்தில் கட்டியது. படகு அணையும் இடத்தில் கூடை தூக்க, ஐஸ் உடைக்க, வண்டி ஏற்ற, வலை சரிபார்க்க ஆள் வேண்டும். அரசு செலவு எல்லாமே பலிக்கும் என்றும் இல்லை. 2017-ல் வந்த ஆழ்கடல் படகுத் திட்டத்தில் 80 லட்ச ரூபாய் படகுக்கு 70 சதவீதம் மானியம். அப்படியும் நினைத்த வேகத்தில் ஆள் சேரவில்லை.

5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கான 37 சதவீத சர்சார்ஜ் (வரித் தொகையின் மேல் போடும் கூடுதல் வரி), 2023 பட்ஜெட்டில் புதிய வரி முறையில் 25 ஆனது. அதைப் பழையபடி ஏற்றி, வரும் பணத்தில் சின்ன ஊர்களுக்கும் இறங்குதளமும் ஐஸ் ஆலையும் கட்டட்டும். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை என்னைப் போன்ற வியாபாரிகள் ஆள் எடுப்பார்கள்.