ஓட்டையில்லாத காது: நடுச்செவி இம்பிளான்ட், சில வருஷம் பாவித்தபின்

என் இடது காதுக்கு ஓட்டை இல்லை. மடல் மட்டும் இருக்கிறது. விரலை விட்டால் தோல்தான் தட்டும். சலூன்காரர் கண்டால் உடனே கேட்பார்: “அப்ப எப்பிடி அண்ணை கேக்குது?” ஓட்டையை அடைத்த பிறகுதான் ஒழுங்காகக் கேட்கிறது.

சின்ன வயதிலிருந்தே சீழ் வடிந்த காது. கொலஸ்ரியற்றோமா, அதாவது நடுச்செவிக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் நோய் வந்து, காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்ரொயிட் எலும்பைக் குடைந்து, அரிபட்டுப்போன நடுச்செவிச் சிற்றெலும்புகளான சம்மட்டியுருவையும் பட்டடையுருவையும் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு குழி. அதில் காது மெஷினின் அச்சைச் செருகினால் போதும், யாழ்ப்பாணத்து வெக்கைக்கு வேர்த்து மணக்கத் தொடங்கும். கழற்றினால் காயும், மாட்டினால் வடியும். வருஷக்கணக்காக இதே கதை.

கடைசியில் வைப்ரன்ட் சவுண்ட்பிரிட்ஜ் என்ற நடுச்செவி இம்பிளான்டுக்குப் போனேன். 1996இல் சூரிச்சில் முதன்முதல் பொருத்தப்பட்டது. இப்போது ஒஸ்ரியாவின் மெட்-எல் தயாரிக்கிறது. தோலுக்கு அடியில் காந்தமும் சுருளும், அதிலிருந்து போகும் வயரின் நுனியில் அதிர்கிற ஒரு சின்ன உருளை: நீளம் 2.3 மி.மீ., எடை 25 மில்லிகிராம். ஒரு குறுணல் அரிசி அளவு.

சிற்றெலும்புகள் நன்றாக இருப்பவர்களுக்கு, முகநரம்புக்கும் சுவைநரம்புக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய இடத்தால் எலும்பைத் துளைத்துப் போய், உருளையைப் பட்டடையுருவில் கொளுவுவார்கள். (முகநரம்பு என்றதும் வாய் கோணிவிடுமோ என்று வீட்டில் ஒரே பயம். ஒப்பரேஷன் நடக்கும்போது அந்த நரம்பைக் கவனிக்கத் தனி மொனிற்றர் போடுவார்கள்.) எனக்குக் கொளுவ எலும்பே இல்லை. அப்படியானவர்களுக்கு உட்செவியின் வட்டப் பலகணியிலேயே (சவ்வு மூடிய சின்ன வாசல்) உருளையை வைக்கலாம் என்று இத்தாலியின் கொலெற்றி குழு 2006இல் எழுதியது. சொல்வது சுகம். பலகணிச் சவ்வை மறைத்துக்கொண்டு ஓர் எலும்பு விளிம்பு நீட்டி நிற்கும். சவ்வு கிழியாமல் அதை அராவி இடம் எடுக்கவேண்டும். உருளை எலும்பில் முட்டினால் அதிர்வு வீண். சவ்வோடு அணைந்து நிற்க, பின்னால் குருத்தெலும்புத் துண்டு வைத்து முட்டுக் கொடுக்கிறார்கள்.

எனக்கு ஒரே தடவையில் முடியவில்லை. முதலில் குழியைத் துப்புரவாக்கி, வயிற்றிலிருந்து கொழுப்பெடுத்து நிரப்பி, துவாரத்தைத் தைத்து மூடினார்கள். மாதக்கணக்கில் பொறுத்து எம்.ஆர்.ஐ. எடுத்து, நோய் திரும்பவில்லை என்று கண்ட பிறகுதான் கருவி. ஏன் இந்த இழுவை என்று அப்போது சரியான எரிச்சல். ஆனால் மூடிய காதுக்குள் கண்ணால் பார்க்க முடியாது; கருவி வைத்தபின் ஸ்கான் எடுத்தால் காந்தத்தின் நிழல் அந்தப் பக்கத்தை மறைத்துவிடும். புதிய மொடலோடு 1.5 ரெஸ்லா காந்த வலுவுள்ள எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குள் போகலாம்தான், படம் வடிவாக வருமா என்பது வேறு விஷயம்.

காயம் ஆறி இரண்டு மாதமளவில், சத்தத்தை எடுத்து உள்ளே அனுப்பும் வெளிக்கருவி தந்தார்கள். காதுக்குப் பின்னால் தலையில் காந்தத்தால் ஒட்டி நிற்கும். மெஷினுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் மெல்லிய சத்தங்களில்தான். வகுப்பில் கடைசி வாங்கிலிருந்து பிள்ளை “சேர்” என்றால் முந்தி “ஏர்” என்றுதான் விழும். இப்போது ‘ச’வும் வருகிறது. அச்சு இல்லாததால் கீச்சிடுவதும் இல்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். கஸ்தூரியார் வீதியில் ஹோர்ன் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து என்று பிடிபடாது. ஹெல்மெட் கழற்றும்போது கருவியும் சேர்ந்து வந்துவிடும். நூல் கட்டிச் சட்டைக் கொலரில் கிளிப் போட்டிருக்கிறேன். கிணற்றடியில் கழற்றி வைத்தால் யார் கூப்பிட்டாலும் தெரியாது. ஆனால் கீரிமலையில் பயமில்லாமல் முழுக்குப் போடுகிறேன், முந்தி அது கனவு.

உண்மையான தலையிடி ஒலியளவு திருத்துவதுதான். ஒவ்வொரு தடவையும் சென்னைக்குப் போகவேண்டும். போட்ட இடத்தில் ஒருமுறை “உங்களுக்குப் பழகவில்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை வேறொருவர் கணினியில் மாற்றித் தந்ததும் சரி. ஆகவே போடப்போகிறவர்கள் உருளையை எதில் வைக்கப்போகிறார்கள் என்பதோடு, பிறகு யார் திருத்தித் தருவார்கள் என்றும் கேளுங்கள். எலும்புவழிக் கேள்விச் சோதனை (மண்டை எலும்பு வழியாக உட்செவிக்கு எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பது) முடிவையும் கையில் வைத்திருங்கள். உட்செவி மிகவும் பழுதென்றால் இந்தக் கருவி உதவாது.

வலது காதுக்கும் போடுவீரா என்று மச்சான் கேட்டான். அந்தக் காது வடியாமல் அச்சைத் தாங்கும் மட்டும் சாதாரண மெஷின்தான்.