த்ரீ-நாட்-த்ரீ ஆசைக்கு மூன்று வழிகள்: .315, ஏர் ரைபிள், டம்மி

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு த்ரீ-நாட்-த்ரீ, அதாவது .303 லீ-என்ஃபீல்டு ராணுவ ரைபிள் மேல் ஒரு பிடிப்பு வந்துவிடும். அது லேசில் போகாது. சேலத்தில் இந்த ஆசையை என்னிடம் சொல்கிறவர்களில் பலர் பரேடு மைதானத்தில் டி.பி. ரைபிளை, அதாவது டிரில்லுக்கு மட்டும் உள்ள ரைபிளைத் தோளில் தூக்கியவர்கள். மற்றவர்கள் யேற்காட்டில் ஏதாவது எஸ்டேட் பங்களாவில் பழைய ரைபிளைச் சின்ன வயதில் பார்த்தவர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நம்ம ஊர்ல இதை வாங்கி வெச்சுக்க முடியுமா? நம்ம கையால இழைச்சு, மெருகேத்தி அழகு பண்ண முடியுமா?"

அசல் .303 சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே தடுத்தார்கள், அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மலிவாகக் குவிந்த ராணுவ ரைபிள்களை வாங்கி, முன்கட்டையை வெட்டி, வேட்டை ரைபிளாக மாற்றியதே ஒரு பெரிய பொழுதுபோக்காக வளர்ந்தது. நமக்கு அந்த வழி கிடையாது. மிஞ்சுவது மூன்று: லைசென்ஸ் எடுத்து, பொதுமக்களுக்கென்று செய்த .315 ரைபிளை வாங்குவது, .177 ஏர் ரைபிளை ராணுவத் தோற்றத்துக்குக் கொண்டுவருவது, சுடவே சுடாத டம்மி ஒன்றைச் செய்துகொள்வது.

முதலில் .315. ரத்த சம்பந்தம் என்று பார்த்தால் இதுதான் நெருங்கிய சொந்தம். கல்கத்தா பக்கம் இஷாப்பூரில் எந்தத் தொழிற்சாலையில் ராணுவத்துக்கான லீ-என்ஃபீல்டு செய்தார்களோ, அதே இடத்தில், அதே போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தண்டு) அமைப்பில் வந்த ரைபிள். போல்ட்டை மேலே தூக்கி இழுத்து, திரும்பத் தள்ளும்போது கடைசியில் ஸ்பிரிங் எதிர்த்து நிற்குமே, அது இதிலும் உண்டு. லீ-என்ஃபீல்டின் போல்ட் சுமார் 60 டிகிரி திரும்பினால் போதும், ஜெர்மன் ராணுவ ரைபிளான மவுசருக்கு 90 வேண்டும். பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் சிப்பாய் நிமிடத்துக்கு 15 குண்டு குறிபார்த்துச் சுட முடிந்ததற்கு இந்தக் குட்டை வீச்சும், பத்து குண்டு மேகசினும் முக்கியக் காரணங்கள். .315-இல் மேகசின் ஐந்துதான். தோட்டாவும் வேறு, பழைய ஆஸ்திரிய மான்லிகர் வகை.

ஆனால் கலெக்‌ஷன், கஸ்டமைஸ் என்று வந்தால் .315 கையைக் கட்டிப்போடும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியது இரண்டே துப்பாக்கி, முன்பு மூன்று. ஆயுதச் சட்டம் 1959-இன்படி லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் குற்றம். குழலைக் குட்டையாக்குவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நீங்களாகச் செய்யக்கூடியது, கட்டைக்கு எண்ணெய் பூசுவது, வார் மாட்டுவது, அவ்வளவுதான். லைசென்ஸுக்குக் கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ் என்று நடக்க வேண்டும். கிடைத்த பிறகும் தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கும் இடமில்லை. காப்பித் தோட்டத்தில் காட்டெருமை நின்றாலும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், அது சரியும்கூட. புதிதாக ஒருவர் வெறும் ஆசைக்காக இந்த வழியில் இறங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தாத்தாவிடமிருந்து வந்திருந்தால் கதை வேறு. சேர்வராயன் மலைத் தோட்டக்காரர்கள் வீட்டில் .315 மட்டுமல்ல, அதற்கும் முந்தைய, பி.எஸ்.ஏ. என்ற இங்கிலாந்து கம்பெனியின் லீ-ஸ்பீட் மாதிரியான வேட்டை ரைபிளும் இருக்கலாம். அப்படி ஒன்று வாரிசு லைசென்ஸில் கைக்கு வந்தால், தயவுசெய்து பளபளவென்று பாலிஷ் போடாதீர்கள். போல்ட் பிடிக்குப் பக்கத்தில், கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் உள்ள முத்திரைகளை முதலில் லென்ஸ் வைத்துப் படியுங்கள். இஷாப்பூர் ராணுவ ரைபிள்களில் கிரீடம், ஜி.ஆர்.ஐ. (ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்து), வருடம் எல்லாம் அங்கேதான் குத்தியிருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவற்றில் ஆர்.எஃப்.ஐ. (ரைபிள் ஃபாக்டரி இஷாப்பூர்) என்று இருக்கும். எமரி பேப்பர் ஒருமுறை ஓடினால் அந்த வரலாறு போய்விடும். அமெரிக்காவிலும் அன்று வெட்டி அழகுபடுத்தியவற்றைவிட, வெட்டாமல் தப்பியவற்றுக்குத்தான் இன்று அதிக மதிப்பு.

என் ஓட்டு ஏர் ரைபிளுக்கு. காலிபர், அதாவது குழல் துளை, 4.5 மில்லிமீட்டர் (அதுதான் .177 அங்குலம்), சக்தி 20 ஜூலுக்குள் என்றால் லைசென்ஸ் தேவையில்லை. கட்டையில் நம் விருப்பம்போல் விளையாடலாம். ஸ்பிரிங்கை மாற்றிச் சக்தியைக் கூட்டும் ஆசை மட்டும் கூடாது. 20 ஜூலைத் தாண்டினால் அது லைசென்ஸ் வேண்டிய ஆயுதமாகிவிடும்.

இதில் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நம் ஊர்க் கடைகளில் அதிகம் இருப்பது குழலை மடக்கிக் குண்டு போடும் வகை. ராணுவ ரைபிளின் அழகே வாய் வரைக்கும் மூடி வரும் மரம்தான். குழல் மடங்க வேண்டுமென்றால் அந்த மரத்தை எங்கே வைப்பது? எனவே குழல் அசையாமல் நிற்கும், அடியிலோ பக்கத்திலோ நெம்புகோல் உள்ள ரைபிளைத் தேடுங்கள். ஜெர்மனியின் டயானா கம்பெனி மவுசர் கே98 சாயலில் ஏர் ரைபிள் கொண்டுவந்தபோது அடி நெம்புகோல் வைத்ததும் இதனால்தான்.

அடுத்தது எந்தச் சாயல் என்ற கேள்வி. மனசு லீ-என்ஃபீல்டு என்று சொல்லும். வேலை மவுசர்தான் சுலபம். லீ-என்ஃபீல்டில் பின்கட்டை தனி, முன்கட்டை தனி, நடுவே இரும்புச் சட்டம். ஏர் ரைபிளில் சிலிண்டர் ட்ரிகர் வரை ஒரே நீளமாக வந்து ஒரே கட்டையில் உட்கார்வதால், மவுசரின் ஒற்றைக்கட்டை வடிவம் இயல்பாகப் பொருந்தும். லீ-என்ஃபீல்டின் மொட்டை மூக்கு, அதாவது குழல் வாயை ஒட்டி நிற்கும் அந்த இரும்பு மூடி, செய்து எடுக்கச் சிரமம். கண்ணில் பட்டதும் ஆளைச் சொல்லிவிடும் அடையாளமும் அதுதான். நல்ல லேத் பட்டறைக்காரரும் பொறுமையும் இருந்தால் மட்டும் அதில் கை வையுங்கள்.

மரத்துக்கு வருவோம். அசல் கட்டைகள் பெரும்பாலும் வால்நட். நம் பக்கம் ஆசாரியிடம் சொன்னால் தேக்கு என்பார். தேக்கு நல்ல மரம்தான், ஆனால் பார்த்தால் ஜன்னல் சட்டம் ஞாபகம்தான் வரும். ஈட்டி மரம் (ரோஸ்வுட்) கனம் அதிகம். தமிழ்நாட்டில் அதற்கென்றே 1994-இல் தனிப் பாதுகாப்புச் சட்டமும் போட்டார்கள், ரசீது இல்லாமல் தொட வேண்டாம். யேற்காட்டில் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கில் வெட்டுமுகப் புள்ளிகள் அழகாக விழும், ஆனால் திருகாணி பிடிக்கும் இடத்தில் மென்மை. நான் சொல்வது வாகை. ஆங்கிலேயர் காலத்து மர வியாபாரத்தில் 'ஈஸ்ட் இந்தியன் வால்நட்' என்றே போன மரம். சா மில்லில் காய்ந்த வாகைப் பலகையைப் புரட்டிப் பாருங்கள். பழுப்பில் கருங்கோடு ஓடும் நல்ல வைரப் பகுதி கிடைக்கும். கை பிடிக்கும் ஒடுங்கிய கழுத்தில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அங்கேதான் விரிசல் விடும். ஸ்பிரிங் ஏர் ரைபிள் முன்னும் பின்னும் உதறும், திருகாணிகள் தளரும். அதற்குப் பித்தளை வாஷர் போட்டுவிடுங்கள்.

வார்னிஷ் வேண்டவே வேண்டாம். பெயிண்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயிலை உள்ளங்கையில் ஊற்றித் தேயுங்கள். கை சூடேறும்வரை தேய்த்து, ஒரு நாள் விட்டு மறுபடி. மூன்றாவது நான்காவது பூச்சுக்குப் பிறகு மரம் சிவப்பேறி உள்ளிருந்து மின்னத் தொடங்கும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், அந்த எண்ணெய்த் துணி தானாகவே தீப்பிடிக்கும்.

டம்மியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. என்.சி.சி. டிரில்லுக்கு மர டம்மி விற்கிறார்கள், அதை வைத்துத் தொடங்கலாம். சுவருக்கு அழகு, சட்டத் தலைவலி குறைவு. போல்ட் இழுக்கும் சுகம் கிடையாது. இலக்குத் தாளில் ஓட்டை விழும் சந்தோஷமும் கிடையாது. மர வேலை பழகுவதற்கு முதல் படியாக மட்டும் நான் இதைச் சொல்வேன்.

ஏர் ரைபிளோ டம்மியோ, ராணுவச் சாயல் வந்துவிட்டால் தூரத்தில் பார்ப்பவருக்கு அது நிஜம்தான். பைக்கில் வெளிப்படையாக மாட்டிக்கொண்டு அடிவாரம் செக்போஸ்ட்டைக் கடக்க வேண்டாம், பெட்டிக்குள் வையுங்கள், பில்லும் கூட இருக்கட்டும். காட்டுப் பக்கம் எடுத்துப் போகவே கூடாது. குருவியைச் சுட்டாலும் வனவிலங்குச் சட்டம் பாயும்.

வைக்கும் இடத்தில் மலைக்கும் சமவெளிக்கும் பெரிய வித்தியாசம். சேலத்து வெயிலில் மரம் சுருங்கும், திருகாணி தளரும். கோடையில் மாதம் ஒருமுறை எண்ணெய்க் கையால் தடவிவிடுங்கள். யேற்காட்டில் நேர் எதிர். மழைக்காலப் பனிமூட்டம் உள்ளே புகுந்து இரும்பைத் தின்னும். ரெக்ஸின் உறையில் போட்டு மூடிவைப்பது அங்கே மிக மோசமான பழக்கம், ஈரம் வெளியேறவே செய்யாது. காற்றோட்டமான அலமாரியில் நிறுத்தி, இரும்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டு, தொட்ட பிறகெல்லாம் என்.சி.சி.யில் செய்ததுபோல் சிந்தி என்ற துண்டுத் துணியால் துடைத்துவிடுங்கள்.