ஆபரேஷன் தியேட்டரில் பிரஷர் ஏறும்போது: எஸ்மோலாலா, லபெட்டலாலா, நைட்ரோகிளிசரினா?

மயக்கவியல் படிக்க வரும் பிள்ளைகள் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி இது: "பிரஷர் 190க்கு 110 காட்டுது, எதைக் குடுக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "எதனால ஏறிச்சு? அந்தக் காரணம் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்?" என்பதுதான். இந்த மருந்துகள் எல்லாமே பிரஷரை இறக்கும். எது எவ்வளவு நேரம் உடம்பில் நிற்கிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம். ஐந்து நிமிடத் தொல்லைக்கு மூன்று மணி நேர மருந்தைப் போட்டால், தொல்லை போன பிறகும் மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பிரஷர் தடாலென விழும். பல வருடமாக ரத்தக்கொதிப்பு உள்ளவரின் மூளையும் சிறுநீரகமும் உயர்ந்த அழுத்தத்துக்கே பழகியவை. அவருக்கு அந்த வீழ்ச்சிதான் பெரிய ஆபத்து.

மருந்து ட்ராலியைத் திறக்கும் முன் நோயாளியைப் பார்க்க வேண்டும். பருத்த கையில் சின்னக் கஃப் (பிரஷர் பார்க்கும் பட்டை) கட்டியிருந்தால் ரீடிங் கூடுதலாகக் காட்டும். ஆர்ட்டரி லைன் (தமனிக்குள் குழாய் வைத்துப் பிரஷரை அளப்பது) போட்டிருந்தால், டேபிளை உயர்த்தும்போது அழுத்தத்தை உணரும் டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே தங்கிவிட்டாலே ஏழு எட்டு மி.மீ. பொய்யாக ஏறிவிடும். மயக்க வாயு தரும் வேப்பரைசரில் மருந்து தீர்ந்திருக்கலாம். வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கலாம். யூரின் டியூப் மடங்கி மூத்திரப்பை நிரம்பியிருக்கலாம். பெரும்பாலும் மயக்கத்தைக் கொஞ்சம் ஆழமாக்கி, வலி மருந்தான ஃபென்டனில் ஒரு டோஸ் கொடுத்தாலே பிரஷர் அடங்கிவிடும். வலியால் ஏறிய பிரஷருக்குப் பிரஷர் மருந்து கொடுப்பதை நான் ஏற்பதில்லை. மானிட்டரில் எண் அழகாக இருக்கும், வலி அப்படியே இருக்கும்.

இத்தனையும் பார்த்தாகிவிட்டது, இன்னும் இறங்கவில்லை. சரி, இனி மருந்து.

எஸ்மோலால் ஒரு நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள என்சைமே அதைச் சிதைத்துவிடுவதால் அரை ஆயுள் (ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம்) சுமார் 9 நிமிடம்தான். கல்லீரலோ சிறுநீரகமோ கெட்டிருந்தாலும் அது உடம்பில் தேங்குவதில்லை. மூச்சுக்குழாயில் டியூப் போடும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து எனக்குத் தெரியாது. தொண்டைக்குள் பார்க்க வைக்கும் லாரிங்கோஸ்கோப் நாக்கடியைத் தூக்கியதும் நாடியும் பிரஷரும் சேர்ந்து எகிறும், ஒன்றிரண்டு நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும், ஐந்து பத்து நிமிடத்தில் தானே தணியும். கிலோவுக்கு 0.5 மி.கி. எஸ்மோலால் கிட்டத்தட்ட அதே நேரக் கணக்கில்தான் வந்து போகிறது. ஆனால் இது இதயத்தைத்தான் அடக்கும், ரத்தக்குழாயைத் தளர்த்தாது. நாடி 110, பிரஷர் 180 என்றால் கைகொடுக்கும். நாடி 58, பிரஷர் 190 என்றால் நாடிதான் இன்னும் குறையும், பிரஷர் பெரிதாக இறங்காது.

லபெட்டலால், ரத்தக்குழாயை இறுக்கும் ஆல்பா, இதயத்தை விரட்டும் பீட்டா ஆகிய இரண்டு ஏற்பிகளையும் தடுக்கும். ஊசியாகப் போடும்போது ஆல்பா ஒரு பங்கு என்றால் பீட்டா ஏழு பங்கு. குழாயும் தளரும், நாடியும் எகிறாது என்பதால் பலருக்கு இதுதான் பிடித்த மருந்து. ஆனால் நேரக் கணக்கு வேறு. 2 முதல் 5 நிமிடத்தில் ஆரம்பித்து, முழு வேகம் வர 10, 15 நிமிடம்கூட ஆகும், அப்புறம் 2 முதல் 4 மணி நேரமோ அதற்கு மேலோ நிற்கும். 10 மி.கி. போட்டு, மூன்று நிமிடம் பார்த்து, இறங்கவில்லையே என்று இன்னொரு 10, மறுபடியும் ஒரு 10 என்று போடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. மூன்றும் சேர்ந்து ஒன்றாக வேலை செய்யும்போது பிரஷரைத் தூக்கி நிறுத்த ஓட வேண்டியிருக்கும்.

முழங்கால் மாற்று அறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். தொடையில் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிக்கெட் பட்டையைக் கட்டி முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆனதும், முழு மயக்கத்தில் இருப்பவருக்குக்கூடப் பிரஷர் படிப்படியாக ஏறும். மயக்கத்தைக் கூட்டினாலும் முழுதாக அடங்காது. அங்கே லபெட்டலால் போட்டால் அடங்கும்தான். ஆனால் அடுத்த அரை மணியில் டூர்னிக்கெட்டை அவிழ்ப்பார்கள். காலுக்குள் ரத்தம் பாயும், அங்கே தேங்கியிருந்த கழிவு உடம்புக்குள் திரும்பும், பிரஷர் தானாகவே சரியும். லபெட்டலால் அப்போதுதான் முழு பலத்தில் இருக்கும். இதற்கு சிரிஞ்சு பம்ப்பில் ஓடும் நைட்ரோகிளிசரின் எவ்வளவோ மேல். டூர்னிக்கெட் அவிழ்க்கப் போவதாக சர்ஜன் சொன்னதும் பம்ப்பை நிறுத்தினால் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் அதன் வேகம் போய்விடும்.

நைட்ரோகிளிசரின் முதலில் சிரைகளை விரிக்கும், டோஸ் கூடும்போதுதான் தமனிகளை. இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்குப் பிரஷரோடு ஈசிஜியிலும் மாற்றம் தெரிந்தால் இதுதான் என் தேர்வு. ரத்தமும் நீரும் குறைந்திருப்பவரிடம் கவனம் வேண்டும், சின்ன டோஸிலேயே பிரஷர் பாதாளத்துக்குப் போகும். நாடியும் எகிறும். சாதாரண பிவிசி டியூபில் மருந்தின் ஒரு பகுதி ஒட்டிக்கொள்வதால், முதலில் எதிர்பார்த்த வேகம் தெரியாமல் இருப்பதும் உண்டு. தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கும் நோயாளிக்கு மண்டை ஓடு திறப்பதற்கு முன் இதைத் தவிர்ப்பேன், மூளையின் குழாய்களும் சேர்ந்து விரியும். அதே நோயாளி அறுவை முடிந்து விழிக்கும்போது ஏறும் பிரஷர் சில மணி நேரம் அடம்பிடிக்கும். அங்கே லபெட்டலாலின் நீண்ட ஆயுள் வரம். கடுமையான கர்ப்பகால ரத்தக்கொதிப்போடு சிசேரியனுக்கு வருபவருக்கும் அதுவே என் முதல் தேர்வு. ஆஸ்துமா, ஹார்ட் பிளாக் (இதயத்தின் மின்கடத்தலில் தடை) உள்ளவர்களுக்கு மட்டும் கூடாது.

இன்னொரு மருந்தான நைட்ரோபுரூசைடு பிரஷரை நொடிகளில் இறக்கும், நிறுத்தினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் போய்விடும். வெளிச்சம் படாமல் சுற்றி வைக்க வேண்டும், அதிக டோஸ் நீண்ட நேரம் ஓடினால் சயனைடு சேரும். கிளெவிடிபினும் சுருக்கமான ஆயுள் கொண்டதுதான், ஆனால் இந்தச் சிக்கல் இல்லாதது. இதய அறுவை நோயாளிகளிடம் நடந்து 2008ல் வெளியான எக்லிப்ஸ் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றில் கிளெவிடிபினுக்கும் மற்ற மருந்துகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நைட்ரோபுரூசைடு வாங்கியவர்களில் இறப்பு அதிகமாக இருந்தது. நம் ஊர் ட்ராலிகளில் கிளெவிடிபினைப் பார்ப்பது அரிது என்பதால் இத்தோடு விடுகிறேன்.

எவ்வளவு இறக்குவது? 120க்கு 80 நம் இலக்கு இல்லை. அவரவர் வழக்கமான பிரஷரிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகாமல் வைத்திருப்பதுதான் பொதுவான கணக்கு. வார்டில் எடுத்த பழைய ரீடிங்குகளைப் பார்க்காமல் யாரும் டோஸ் போடக்கூடாது என்பதில் நான் கறாராக இருப்பேன்.

கடைசியாக, நேரக் கணக்கு மட்டும் போதாத ஓர் இடம். மூக்கு அறுவையில் ரத்தம் கசியாமல் இருக்க குழாயை இறுக்கும் அட்ரினலினையோ ஃபினைலெஃப்ரினையோ பஞ்சில் நனைத்து வைப்பார்கள். அது கூடுதலாக உறிஞ்சப்பட்டால் பிரஷர் 220, 240 என்று போகும். கை உடனே லபெட்டலாலைத் தேடும். போடக்கூடாது. குழாய்கள் எல்லாம் இறுகிக் கிடக்கின்றன, அவற்றை எதிர்த்து இதயம் முழு பலத்தோடு அடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பீட்டாவைத் தடுத்தால் இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோத்து, துடிப்பே நிற்கலாம். ஒரு குழந்தையின் மரணத்துக்குப் பிறகு நியூயார்க் மாநிலம் வகுத்து, 2000ல் வெளியான வழிகாட்டுதலும் பீட்டா தடுப்பான்களைத் தவிர்க்கவே சொல்கிறது. எஸ்மோலாலும் பீட்டா தடுப்பான்தான். மூக்கில் வைத்த பஞ்சை எடுக்கச் சொல்லிவிட்டு, மயக்கத்தை ஆழப்படுத்த வேண்டும். உள்ளே போன மருந்தின் வேகம் பெரும்பாலும் சில நிமிடத்தில் தானே தணியும். அதுவரை தாங்காது என்று தோன்றினால் நைட்ரோகிளிசரின்.